அதிகாரி அப்படிச் செய்திருப்பாரா?

அரூர் பக்கம், சித்தேரி மலையடிவாரத்தில் இருக்கிறது வாச்சாத்தி. 1992 ஜூன் 20 அன்று, பதுக்கிய சந்தனக் கட்டைகளைத் தேடுகிறோம் என்று வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் அந்த மலையாளிப் பழங்குடி ஊருக்குள் புகுந்தார்கள். 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். வீடுகள் நொறுங்கின. அதிகாரிகளைப் பற்றி எவ்வளவோ எழுதியாகிவிட்டது. எனக்கு உறுத்துவது நீதிபதிகளின் பங்கு.

ஊரில் பிடித்த பெண்கள் 90 பேரும் குழந்தைகள் 28 பேரும் சேலம் சிறைக்குப் போனார்கள். மாஜிஸ்திரேட்டின் ரிமாண்ட் உத்தரவு இல்லாமல் சிறைக்கதவு திறக்காது. பிள்ளை குட்டிகளோடு இத்தனை பெண்களா சந்தனம் கடத்தினார்கள் என்ற கேள்வி அந்தக் கையெழுத்தை நிறுத்தவில்லை. கெட்ட எண்ணம் என்று சொல்லமாட்டேன். தினமும் போடுகிற கையெழுத்து, அவ்வளவுதான். கெட்ட எண்ணத்தையாவது கண்டுபிடித்துவிடலாம்.

மார்க்சிஸ்ட் கட்சியின் மாநிலச் செயலாளர் அ. நல்லசிவன் வழக்குப் போட்டார். சென்னை உயர் நீதிமன்றம் முதலில் தள்ளுபடி செய்துவிட்டது. பொறுப்புள்ள அரசு அதிகாரிகள் இப்படியெல்லாம் நடந்திருப்பார்கள் என்று நம்ப முடியவில்லையாம். சட்டத்திலும் இதற்கு ஒரு திண்ணை உண்டு: அரசு அலுவல்கள் முறைப்படியே நடந்ததாக நீதிமன்றம் அனுமானித்துக்கொள்ளலாம் என்றது அன்றைய சாட்சியச் சட்டத்தின் 114-வது பிரிவு. கட்டாயமில்லை, ஆனால் உட்கார வசதியான இடம். நீதிபதியின் உறவில், கூடப் படித்தவர்களில், பக்கத்து வீட்டில் ஓர் அதிகாரி இருப்பார். மலையாளிப் பெண் ஒருத்தி இருக்கமாட்டாள். யார் பேச்சு நம்பும்படி இருக்கிறது என்பதைச் சட்டப் புத்தகத்தைத் திறக்கும் முன்பே மனசு முடிவு செய்துவிடுகிறது. இத்தனைக்கும், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர் ஆணையத்தின் சார்பில் நேரில் போய் விசாரித்து, புகாரில் உண்மை இருக்கிறது என்று அறிக்கை கொடுத்த பாமதியும் அதிகாரிதான். அவர் ஊரைப் பார்த்தார். அதுதான் வித்தியாசம்.

1995-இல் அதே உயர் நீதிமன்றம் சிபிஐ விசாரணைக்கு உத்தரவிட்டது. 2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி செஷன்ஸ் நீதிபதி குமரகுரு, குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் உயிரோடிருந்த எல்லோரும் குற்றவாளிகள் என்றார். 54 பேர் அதற்குள் செத்துப்போயிருந்தார்கள். மிச்சமிருந்த 215 பேருக்குத் தண்டனை. சென்னையில் நம்ப முடியாததாக இருந்த அதே பெண்களின் வாய்மொழி, தருமபுரியில் சாட்சியமாக நின்றது. பெரிய கோர்ட்டு என்றால் பெரிய அறிவு என்று நினைப்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

மேல்முறையீடு இன்னும் 12 வருஷத்தைத் தின்றது. அதை விசாரித்த நீதிபதி பி. வேல்முருகன், 2023 மார்ச் 4 அன்று வாச்சாத்திக்கே போய் இடங்களைப் பார்த்தார், அந்தப் பெண்களிடம் பேசினார். சம்பவ இடத்தை நீதிபதி நேரில் பார்க்கலாம் என்று அன்று நடைமுறையில் இருந்த 1973-ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 310-வது பிரிவு சொன்னது. முதல் மனு வந்தபோது, நேரில் போகாவிட்டாலும் ஓர் ஆணையரை அனுப்பிப் பார்த்துவரச் சொல்லியிருக்கலாம்.

அதே 2023-இல், செப்டம்பர் 29 அன்று, வேல்முருகன் மேல்முறையீடுகளைத் தள்ளுபடி செய்தார். பாதிக்கப்பட்ட 18 பெண்களுக்கும் தலா 10 லட்சம் ரூபாய் கொடுக்கச் சொன்னார். அன்றைய மாவட்ட ஆட்சியர், எஸ்.பி. மீதும் நடவடிக்கை எடுக்கச் சொன்னார். 269 பேர் பட்டியலில் அந்த இருவரும் இருந்ததே இல்லை.