தையல் பிரித்த பின் தங்கும் துளைகள்



துண்டுத் துணிகளை இணைத்து, இடையே பஞ்சு வைத்து, மூன்று அடுக்கையும் சேர்த்துத் தைத்துப் போர்வையை முடித்த பின்னர்தான், ஒரு வரிசை கோணலாகச் சென்றிருப்பது பலருடைய கண்ணில் படுகிறது. உடனே பிரிக்கிறோம். நூல் போய்விடுகிறது, ஊசி சென்ற வழியெல்லாம் துளைகள் அணிவகுத்து நிற்கின்றன. துணியே பாழாயிற்று என்று மனம் நொந்து, பல வார உழைப்பைச் சுருட்டிப் பரணில் போட்டுவிடுவோர் உண்டு. அவசரப்பட வேண்டாம். பருத்தித் துணியில் தெரியும் அத்துளைகளில் பெரும்பாலானவை உண்மையில் துளைகளே அல்ல.

துணி என்பது பாவும் ஊடையும் பின்னிய நெசவு. கூரிய ஊசி நுழையும்போது பெரும்பாலும் இழையை அறுப்பதில்லை, ஒதுக்கிவிட்டுச் செல்கிறது. ஒதுங்கிய இழையை மீண்டும் தன் இடத்திற்கு வரச் செய்வதே நம் வேலை. இழை அறுந்த இடமே மெய்யான துளை. வெளிச்சத்தில் உற்று நோக்கினால் அங்கே பிசிறு தெரியும்.

பிரிக்கும் முறையிலேயே பாதிப் பலன் அடங்கியிருக்கிறது. நூலைப் பற்றி வெடுக்கென்று இழுத்தல் கூடாது. ஒரு புறத்தில் மூன்று, நான்கு தையலுக்கு ஒன்றாக வெட்டிவிட்டு, மறுபுறத்து நூலை மெல்ல உருவுங்கள். அதன் பின்:

1. துணியைச் சமமான பலகையில் விரித்து, விரல் நகத்தாலோ கரண்டியின் முதுகாலோ முதலில் நெடுக்கு வாட்டத்திலும் பிறகு குறுக்கு வாட்டத்திலும் இதமாகத் தேய்க்கவும். மூலைவாட்டத்தில் தேய்த்தால் துணி இழுபட்டுக் கோணிவிடும்.

2. அவ்விடத்தில் நல்ல நீரைச் சிறிது தெளிக்கவும். பருத்தி இழை நீரில் ஊறிச் சற்றுப் பருக்கும், இடைவெளி சுருங்கும். சாயம் ஓடுமா என்பதை முன்னதாக ஓர் ஓரத்தில் ஈர வெள்ளைத் துணியை அழுத்திப் பார்த்துக் கொள்க.

3. ஈரம் இருக்கும்போதே மேலே மெல்லிய துணியிட்டு, இஸ்திரிப் பெட்டியை வைத்து வைத்து எடுக்கவும். இழுத்துத் தேய்க்க வேண்டாம். உள்ளே இருப்பது பாலியஸ்டர் பஞ்சு எனில் சூட்டைக் குறைத்துக் கொள்ளவும். சூடு மிகுந்தால் பஞ்சு தட்டையாகிவிடும்; உருகவும் கூடும்.

4. எஞ்சியவை பெரும்பாலும் ஓரிரு சலவையில் மறையும்.

எல்லாத் துணியும் இவ்வாறு இணங்காது. பட்டு, சாட்டின், நெருங்க நெய்த பாத்திக் துணி ஆகியவற்றில் தடம் தங்கிவிடக் கூடும். தோலிலும் ரெக்ஸினிலும் துளை மூடவே மூடாது. இத்தகையவற்றில், முதலில் ஒரு வெட்டுத் துண்டில் தைத்துப் பார்த்துவிட்டே தொடங்குங்கள். ஊசியும் மெல்லியதாக, புதியதாக இருக்கட்டும். தையல் இயந்திர ஊசியில் 70 என்றால் 0.7 மில்லிமீட்டர் தடிமன். 90 என்றால் 0.9. முனை மழுங்கிய ஊசியே இழையை அறுக்கிறது.

அறுந்த துளைக்கு மருந்து மறைப்பதுதான். புதிய தையலை அதே தடத்தின் மீது செலுத்தலாம். அல்லது பூவோ இலையோ வெட்டி அதன்மேல் வைத்துத் தைக்கலாம்.

இறுதியாக ஒன்று. உம்மாவோ வாப்பும்மாவோ தைத்து வைத்துச் சென்ற பழைய போர்வையைத் திருத்த எண்ணுகிறீர்களா? அதில் நூலுக்கு அடியிலிருந்த பகுதி வெயில் படாமல் நிறம் மாறாதிருக்கும். துளை மூடினாலும் கோடு மறையாது. நாள்பட்ட துணி நலிந்தும் இருக்கும், தேய்த்தால் கிழியலாம். நூல் இற்றுப்போன இடத்தில் மட்டும், பழைய துளைகளின் வழியாகவே கையால் தைத்து நிறுத்துங்கள். கோணலாக ஓடிய வரிசையை விட்டுவிடுங்கள். நாம் எத்தனை நேராகத் தைத்தாலும், பிரித்தெடுத்த அவர்களின் கைத்தையலை மீண்டும் தைத்துவிட முடியாது.