கடை பூட்டினாலும் பொருள் எங்களுடையது

‘விளையாட்டுத்தானே’ என்று சொல்லிவிட்டால் எங்கள் ஆட்களுக்கு ஒரு வாதம் முடிந்துவிடும். பரமட்டாவிலும் அதைச் சுற்றியுள்ள வென்ற்வேர்த்வில், பென்டில் ஹில், டூங்காபியிலும் பள்ளிக்கூடப் பிள்ளை இருக்கிற வீட்டில் பெரும்பாலும் ஒரு கொன்சோலும் இருக்கும். புதிதாக வருகிற விளையாட்டு ஒன்று நூறு டொலருக்குக் கிட்டப் போகிறது. அந்தக் காசைக் கட்டிய தகப்பனிடம் பிள்ளை போய், ‘அப்பா, நீங்கள் வாங்கித் தந்த கேம் இனி ஓடாதாம், கொம்பனி நிற்பாட்டிப் போட்டுதாம்’ என்று சொன்னால், ‘நல்லதாப் போச்சு, போய்ப் படி’ என்பதுதான் பதில். பத்துக் கிலோ அரிசிப் பையில் அரைக் கிலோ குறைந்தால் கடைக்காரரோடு சண்டைக்குப் போகிற அதே தகப்பன். காசை வாங்கியவன் பொருளையும் திரும்ப எடுத்துக்கொண்டு போயிருக்கிறான் என்பது அவருக்கு உறைப்பதில்லை. போனது விளையாட்டுத்தானே.

இந்த அலட்சியத்தோடுதான் எனக்குச் சண்டை. விளையாட்டில் ஒத்திகை பார்த்த வியாபாரம் எங்கள் புத்தக அலுமாரிக்குள்ளும் பாட்டுப் பெட்டிக்குள்ளும் ஏற்கெனவே வந்துவிட்டது. பிள்ளைகளுக்கு அது முதலில் தெரிந்தது, எங்களுக்குப் பிந்தித் தெரிகிறது, அவ்வளவுதான்.

நடந்தவற்றைச் சொல்லிவிடுகிறேன். நின்டெண்டோ நிறுவனம் தனது ‘வீ’ கொன்சோலின் இணையக் கடையை 2019 ஜனவரி 30இல் பூட்டியது. ‘3டிஎஸ்’, ‘வீ யூ’ இரண்டுக்குமான கடைகளில் 2023 மார்ச் இறுதியோடு விற்பனை நின்றது. மைக்ரோசொஃப்ட் ‘எக்ஸ்பொக்ஸ் 360’ கடையை 2024 ஜூலை 29இல் பூட்டியது. சோனி 2021 மார்ச்சில் ‘பிளேஸ்டேஷன் 3’, ‘வீற்றா’ கடைகளைப் பூட்டப் போவதாக அறிவித்து, பாவனையாளர்கள் போட்ட கூச்சலில் அடுத்த மாதமே அந்த முடிவை மாற்றிக்கொண்டது. ஏற்கெனவே வாங்கியவர்கள் திரும்பத் தரவிறக்கிக்கொள்ளலாம் என்று ஒவ்வொரு முறையும் சொல்கிறார்கள். எவ்வளவு காலத்துக்கு என்று கேட்டால், ‘இப்போதைக்கு’ என்பதற்கு மேல் பதில் இல்லை. இணையத்தில் மட்டும் விற்கப்பட்ட விளையாட்டுகள் பல, கடை பூட்டிய அன்றே புதிதாக வாங்க விரும்புகிறவருக்கு இல்லாமற் போயின. அமெரிக்காவில் வெளிவந்த பழைய விளையாட்டுகளில் 87 வீதமானவை இன்று விற்பனையில் இல்லை என்று அங்குள்ள வீடியோ கேம் ஹிஸ்ரறி ஃபவுண்டேஷன் 2023இல் கணக்கெடுத்துச் சொன்னது.

இவற்றுக்கெல்லாம் மேலே போனது யூபிசொஃப்ட். ‘த க்ரூ’ என்ற கார் ஓட்டப் பந்தய விளையாட்டை 2014இல் விற்றார்கள். தனியே இருந்து விளையாடினாலும் அவர்களுடைய சேர்வரோடு தொடர்பு வேண்டும் என்பது அதன் அமைப்பு. 2024 மார்ச் 31இல் சேர்வரை நிறுத்தினார்கள். இறுவட்டாக வாங்கி வைத்திருந்தவருடைய இறுவட்டும் அன்றோடு செத்தது. பிறகு, வாங்கியவர்களின் கணக்குகளிலிருந்தும் அதை எடுத்துவிட்டார்கள். விற்றவன் வீடு புகுந்து பொருளை எடுத்துப் போனதற்கு இதற்கு மேல் என்ன உதாரணம் வேண்டும்?

எங்களுக்கு ஒரு கடை பூட்டுவது புதிதில்லை. 80களிலும் 90களிலும் தமிழ்ப் படங்கள் எங்களிடம் வீடியோ கொப்பிகளாகத்தான் வந்தன. பலசரக்குக் கடையின் ஒரு மூலையில் கறிவேப்பிலைக்கும் மாசிக்கும் பக்கத்தில் அவை அடுக்கப்பட்டிருக்கும். அந்த வாடகைத் தொழில் பிறகு படுத்துவிட்டது. ஆனால் காசு கொடுத்து வாங்கிய கொப்பி வாங்கியவர் வீட்டிலேயே கிடந்தது. கராஜில் பெட்டிக்குள் பூஞ்சணம் பிடித்துக் கிடந்தாலும் அது அவருடையது. கடைக்காரர் கடையைப் பூட்டிவிட்டு வீடு வீடாக வந்து கொப்பிகளைத் திரும்ப வாங்கிப் போகவில்லை. வந்திருந்தால் பொலிசைக் கூப்பிட்டிருப்போம்.

‘நீங்கள் வாங்கியது விளையாட்டை அல்ல, விளையாடும் அனுமதியை; ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறோமே’ என்கிறார்கள். எழுதித்தான் இருக்கிறார்கள், எவரும் வாசிக்காத நாற்பதாம் பந்தியில். பொத்தானில் எழுதியிருப்பது ‘வாங்கு’ என்பது. கலிபோர்னியா மாநிலம் 2024இல் இதற்காகவே ஒரு சட்டம் போட்டது: நிரந்தரமாகத் தராத டிஜிற்றல் பண்டத்துக்கு, அது அனுமதி மட்டுமே என்று தெளிவாகச் சொல்லாமல் ‘வாங்கு’ என்ற சொல்லைப் போடக்கூடாது. சட்டம் 2025 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. அதற்குச் சில மாதங்கள் முன்னரே ‘ஸ்டீம்’ கடையில் காசு கட்டும் இடத்தில் ஒரு வரி தோன்றியது, நீங்கள் பெறுவது உரிமம் என்று. இத்தனை வருடமும் அந்த வரியை எழுதாமல் இருந்ததன் காரணம் எழுத இடமில்லாததா?

அவுஸ்திரேலியாவில் இருக்கிற நாங்கள் இந்த விடயத்தில் கொஞ்சம் கொடுத்துவைத்தவர்கள், அது எங்களில் பலருக்குத் தெரியாது என்பதுதான் கவலை. இந்த நாட்டு நுகர்வோர் சட்டத்தில் ‘பண்டம்’ என்ற சொல்லின் விளக்கத்துக்குள் கணினி மென்பொருளும் வருகிறது. ஸ்டீம் கடையை நடத்தும் வால்வ் நிறுவனம் காசைத் திருப்பித் தர மறுத்தபோது, அவுஸ்திரேலியப் போட்டி மற்றும் நுகர்வோர் ஆணைக்குழு 2014இல் வழக்குப் போட்டது. வால்வ் சொன்ன நியாயங்களைப் பாருங்கள்: நாங்கள் பண்டம் எதையும் விற்கவில்லை, எங்களுக்கு உங்கள் சட்டம் பொருந்தாது, வொஷிங்டன் மாநிலச் சட்டமே பொருந்தும். சமஷ்டி நீதிமன்றம் 2016 மார்ச்சில் இதை ஏற்க மறுத்தது. அந்த வருட இறுதியில் முப்பது இலட்சம் டொலர் தண்டம் விதித்தது. மேன்முறையீடு 2017இல் தோற்றது; 2018இல் உயர் நீதிமன்றம் வழக்கை எடுக்கவே மறுத்துவிட்டது. அடுத்து சோனியின் ஐரோப்பியக் கிளை. தரவிறக்கிய விளையாட்டுக்குக் காசு திரும்பத் தரத் தேவையில்லை என்று வாடிக்கையாளரிடம் சொன்னதற்காக 2020இல் முப்பத்தைந்து இலட்சம் டொலர் கட்டியது.

ஆகவே பண்டம் என்பது தீர்ந்துபோன விடயம். நான் சட்டத்தரணி இல்லை. ஆனால் அதே சட்டம், விற்ற பண்டத்தை வாங்கியவர் இடையூறில்லாமல் வைத்திருக்கலாம் என்றும் ஓர் உத்தரவாதம் தருகிறது. வாடகைக்கு எடுத்ததற்கு அந்தக் கணக்கு வேறு. அப்படியென்றால் ஒன்று, அது விற்பனை, என் உடைமையில் கை வைக்காதே. அல்லது அது வாடகை, பொத்தானில் ‘வாடகை’ என்று எழுது, எத்தனை மாதத்துக்கு என்று எழுது, விலையையும் அதற்கேற்பப் போடு. விற்பனையின் விலையை வாங்கிக்கொண்டு வாடகையின் உரிமையைத் தருவதைச் சந்தையில் ஒரு மீன் வியாபாரி செய்தால் அவருக்கு என்ன பெயர் வைப்போம் என்று எல்லோருக்கும் தெரியும்.

புலம்பெயர்ந்தவர்களை இது இன்னும் ஒரு விதத்தில் கடிக்கிறது. பிளேஸ்டேஷன் கணக்கைத் திறக்கும்போது குறித்த நாட்டைப் பிறகு மாற்ற முடியாது என்பது நெடுங்காலமாக இருந்துவரும் விதி. சென்னையிலோ சிங்கப்பூரிலோ கணக்குத் திறந்து விளையாட்டுகள் வாங்கியவர் சிட்னிக்குக் குடிவந்தால், இங்கத்தைய கடையில் இங்கத்தைய அட்டையால் வாங்கப் புதுக் கணக்குத் திறக்க வேண்டும். பழையவை பழைய கணக்கிலேயே இருக்கும். குடிவரவுத் திணைக்களம் குடியுரிமை தந்த பிறகும் ஒரு கொன்சோல் கடை எங்களைப் பழைய நாட்டிலேயே வைத்திருக்கிறது. இலங்கையில் இருப்பவர்கள் பாடு அதைவிட மோசம். அந்தச் சேவை அங்கே இல்லவே இல்லை. கொன்சோல் வைத்திருப்பவர்கள் வேறு நாட்டு முகவரி கொடுத்துத்தான் கணக்குத் திறக்கிறார்கள். 2024 மே மாதம் ‘ஹெல்டைவர்ஸ் 2’ விளையாட்டைக் கணினியில் வாங்கியவர்களும் பிளேஸ்டேஷன் கணக்கோடு இணைக்க வேண்டும் என்று சோனி சொன்னது. அந்தச் சேவை இல்லாத 170க்கு மேற்பட்ட நாடுகளில் விளையாட்டு விற்பனையிலிருந்து எடுக்கப்பட்டது. இலங்கையும் அதில் ஒன்று. யாழ்ப்பாணத்தில் இருக்கிற ஒரு பொடியன் காசு கொடுத்து வாங்கியதை, அவன் நாடு பட்டியலில் இல்லை என்பதற்காக இழக்கப் பார்த்தான். உலகம் முழுக்க விளையாடுகிறவர்கள் கிளம்பிய பிறகுதான் சோனி அந்த நிபந்தனையைக் கைவிட்டது.

வாரிசுரிமையை எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்டீம் ஒப்பந்தப்படி கணக்கை இன்னொருவருக்கு மாற்றிக் கொடுக்க முடியாது. இருபது வருடம் சேர்த்த விளையாட்டுகளை மகளுக்கு எழுதி வைக்க முடியாது. அண்ணன் பாவித்த காட்ரிட்ஜைத் தம்பி பாவித்து, அது பார்சலில் ஊருக்குப் போய் அங்கே மச்சான் பாவித்த ஒரு காலம் இருந்தது. பெட்டி வாங்கினால் தப்பலாம் என்றும் இனி எண்ண முடியாது. 2025இல் வந்த ‘சுவிட்ச் 2’ கொன்சோலுக்கான பெட்டிகள் பலவற்றில் விளையாட்டு இல்லை, சாவி மட்டும் இருக்கிறது. அட்டையைச் செருகினால் விளையாட்டை இணையத்திலிருந்து இறக்க வேண்டும். வீட்டை வாங்கினேன், சாவி என்னிடம், வீடு கியோத்தோவில்!

இனி ‘விளையாட்டுத்தானே’ என்றவர்களுக்கு ஒரு விளையாட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். 2023 ஜூலை 31இல் ‘வெண்பா’ வெளிவந்தது. ரொறொன்ரோவிலுள்ள விசை கேம்ஸ் செய்தது. 80களில் தமிழ்நாட்டிலிருந்து கனடாவுக்கு வந்த ஒரு தம்பதி, தமிழிலிருந்து நழுவிப்போகிற மகன், ஊரிலிருந்து கொண்டுவந்த தாயாரின் சமையற் குறிப்புப் புத்தகம். புத்தகம் பழுதாகிப் போயிருக்கிறது; இட்லி அவிப்பதில் தொடங்கி, அழிந்துபோன குறிப்புகளை விளையாடுகிறவர் யோசித்து நிரப்ப வேண்டும். 2024இல் பாஃப்டாவின் அறிமுக விளையாட்டு விருது இதற்குக் கிடைத்தது. புலம்பெயர் தமிழ் நாவல்கள் பல முன்னூறு பக்கத்தில் சொல்லத் திணறியதை இது சில மணித்தியாலத்தில் சொல்லிவிட்டது என்பது என் அபிப்பிராயம். அடிக்க வருகிறவர்கள் முதலில் விளையாடிவிட்டு வரவும்.

கைக்குக் கை மாறி வந்த ஒரு புத்தகத்தைப் பற்றிய இந்தப் படைப்பைத் தரவிறக்கி வாங்கிய நான் கைமாற்றிக் கொடுக்க முடியாது. வெளியான நாளிலேயே அது மைக்ரோசொஃப்டின் கேம் பாஸ் சந்தாவிலும் வந்தது. அதில் விளையாடியவருக்குச் சந்தா இருக்கும் வரையும், விளையாட்டு அந்தப் பட்டியலில் இருக்கும் வரையும்தான் அது இருக்கும். படைப்பாளிகளை நான் குறை சொல்லவில்லை. இந்தக் கடைகளை விட்டால் அவர்களுக்குத் தெரு இல்லை. அந்தச் சந்தாவின் உச்ச அடுக்கு 2025 ஒக்ரோபரில் அமெரிக்காவில் 19.99 டொலரிலிருந்து ஒரேயடியாக 29.99 ஆனது. கட்ட முடியாதவரிடம் அடுத்த நாள் ஒன்றும் மிஞ்சாது.

பிரதி யார் கையில் இருக்கிறது என்ற கேள்வி எங்கள் இலக்கிய வரலாற்றில் சின்னக் கேள்வியா? சிறுப்பிட்டி தாமோதரம்பிள்ளை 1887இல் கலித்தொகையை அச்சிட்டதும், அதே வருடம் சாமிநாதையர் சிந்தாமணியைப் பதிப்பித்ததும், யாரோ ஒரு வீட்டுப் பரணிலும் மடத்திலும் ஏடு கிடந்தபடியால்தான். வைத்திருந்தவர்களில் பலருக்கு அதை வாசிக்கவே தெரியாது. வைத்திருந்தார்கள், அது போதுமாக இருந்தது. எதற்கெடுத்தாலும் 1981ஐ இழுக்கிற பழக்கம் எனக்கும் சலிப்புத்தான், என்றாலும் இங்கே இழுக்காமல் முடியாது. யாழ் நூலகத்தில் ஏறக்குறைய 97,000 நூல்கள் எரிந்தன. 2005இல் தொடங்கிய நூலகம் திட்டம் இன்று ஈழத்து நூல்களையும் சஞ்சிகைகளையும் மின்வருடி வைத்திருக்கிறது என்றால், ஆளுக்கு நாலு புத்தகம் அலுமாரியில் வைத்திருந்தபடியால்தான். எரித்தவர்களால் எல்லா வீட்டு அலுமாரியையும் எரிக்க முடியவில்லை. சேர்வரில் ஒரே ஒரு பிரதியும் ஆயிரம் பேரிடம் அனுமதிச் சீட்டும் இருந்திருந்தால் எதை மின்வருடுவது?

புத்தகத்திலும் இது நடந்தாயிற்று. அமேசன் 2009இல் விற்ற ஓர்வெல் நூல்களைக் கிண்டில் கருவிகளிலிருந்து இரவோடிரவாக அழித்தது. மைக்ரோசொஃப்ட் 2019இல் தன் மின்னூற் கடையைப் பூட்டியபோது விற்ற நூல்களும் மறைந்தன. காசு திரும்பி வந்தது, புத்தகம் வரவில்லை. தமிழ் 2016 இறுதியில் கிண்டிலுக்குப் போனது. எங்கள் எழுத்தாளர்கள் பலருடைய நூல் இன்று அங்கே மட்டும் இருக்கிறது. வாங்கிய கிண்டில் நூலைக் கணினியில் இறக்கி வைக்கும் வழியை 2025 பெப்ரவரியில் அமேசன் அடைத்துவிட்டது. இந்தச் சஞ்சிகை அச்சிலும் வருவதற்கு நான் ஏன் சந்தா கட்டுகிறேன் என்று இப்போது விளங்கும்.

‘சேர்வரை என்றென்றைக்குமா ஓட்டுவது, செலவு யார் தருவது’ என்று ஒரு கேள்வி வரும். ஓட்டச் சொல்லி யாரும் கேட்கவில்லை. ரொஸ் ஸ்கொட் தொடங்கிய ‘ஸ்ரொப் கில்லிங் கேம்ஸ்’ இயக்கம் கேட்பது ஒன்றைத்தான்: நிறுத்துகிற நாளில், விளையாட்டை எங்கள் கணினியில் நாங்களே ஓட்டக்கூடிய நிலையில் விட்டுவிட்டுப் போ. ஐரோப்பிய ஒன்றியத்தில் அவர்கள் தொடங்கிய மனு பத்து இலட்சம் கையொப்பம் என்ற வரம்பை 2025இல் தாண்டியது. முடியாத காரியமும் இல்லை. ‘த க்ரூ’வைக் கொன்ற அதே யூபிசொஃப்ட், எதிர்ப்புக்குப் பிறகு 2024 செப்ரெம்பரில், அதன் அடுத்த பாகத்துக்கு இணையமின்றி விளையாடும் வசதி தருவதாக அறிவித்தது. ‘கொக்’ என்ற கடை பூட்டில்லாத கோப்புகளாகவே வருடக்கணக்கில் விளையாட்டுகளை விற்று வருகிறது. இறக்கி ஒரு வன்தட்டில் போட்டு வைத்தால் அந்தக் கடை நாளைக்குப் பூட்டினாலும் விளையாட்டு ஓடும்.

காசு கட்டிய விளையாட்டு நின்றுபோனால் பற்றுச்சீட்டைத் தேடி எடுங்கள். பிள்ளைக்கு மின்னஞ்சலில் வந்திருக்கும். விற்ற கடைக்கு முதலில் எழுதுங்கள், ‘நுகர்வோர் உத்தரவாதம்’ என்ற சொல்லைப் போட்டு எழுதுங்கள். மறுத்தால் நியூ சவுத் வேல்ஸ் ஃபெயார் ற்ரேடிங் திணைக்களத்துக்கு முறைப்பாடு செய்யலாம், செலவில்லை, படிவம் இணையத்தில் இருக்கிறது, அலுவலகமும் பரமட்டாவில்தான். மெல்பேர்ணில் இருப்பவர்களுக்கு விக்ரோறிய நுகர்வோர் விவகாரத் திணைக்களம். எழுதுகிற பொறுப்பைப் பிள்ளையிடம் விடாமல், அரிசிப் பையை நிறுத்துப் பார்த்த தகப்பனே எழுதட்டும்.