மருந்தோடு மருந்து மோதுமா?

முகப்பேர் மதராஸ் மெடிக்கல் மிஷன் மருத்துவமனை போன்ற இடங்களில் மாற்றுச் சிறுநீரகம் பெற்று இல்லம் திரும்புவோரின் குடும்பத்தார்க்கு இம்முறை எழுதுகிறோம். புதிய உறுப்பை உடல் புறக்கணியாதிருக்க உண்ணும் சைக்ளோஸ்போரின், டாக்ரோலிமஸ் ஆகியவற்றைக் குடலிலும் கல்லீரலிலும் பெரும்பாலும் ஒரே நொதி சிதைக்கின்றது. காசநோய்க்குரிய ரிஃபாம்பிசின் அந்நொதியைப் பெருக்கும். இரத்தத்தில் மருந்து குன்றி, பெற்ற உறுப்பே பறிபோகலாம். காசநோய் மலிந்த நம் நாட்டில் இதனையே யாம் பெரிதும் அஞ்சுகிறோம்.

எரித்ரோமைசினும் கீட்டோகோனசோலும் இதற்கு மாறாக நொதியை அடக்கும். மருந்து மிகுந்து சிறுநீரகத்திற்கே நஞ்சாகும். விந்தை என்னவெனில், சைக்ளோஸ்போரினின் விலைக்கு அஞ்சி, குறைந்த அளவே போதுமாகும்படி மருத்துவர்களே கீட்டோகோனசோலைச் சேர்த்தளித்ததும் உண்டு! ஆனால், அவர்கள் இரத்தத்தைச் சோதித்தபடியே அளித்தனர். இருமலுக்கென்று கடையில் தாமே மாத்திரை வாங்குவோர்க்கு அச்சோதனை ஏது? பம்பளிமாஸ் பழத்தையும் விலக்குக.