கணிப்பொறிக்கு ஏன் பூட்டு?

கருக்களாச்சேரிக் கரையில் வலை கிழிந்தால், வலை விற்றவரின் அனுமதி பெற்றா மீனவர் தைக்கிறார்? மென்பொருளுக்கு மட்டும் ஏன் இந்தப் பூட்டு?

தட்டச்சு நிலையம் ஒன்று பழைய எழுத்துருவில் அடித்துத் தந்த என் கட்டுரை, வேறொரு கணிப்பொறியில் ஆங்கிலக் கிறுக்கலாகத் தெரிந்தது. ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழைக் குடிவைத்ததன் விளைவு! யூனிக்கோடிலோ ‘அ’வுக்கென்றே 2949 என்ற எண் உண்டு. விதி பொதுவாக இருந்தால் எழுத்துச் சிதறாது. நிரலும் திறந்திருந்தால் பழுதை நாமே நீக்கலாம்.

1983இல் ஸ்டால்மன் குனு திட்டத்தை அறிவித்தார். 1991இல் லினக்ஸைத் தந்த டோர்வால்ட்ஸ் 21 வயது மாணவரே! நாமோ திருட்டுப் பிரதியோடு வைரஸையும் வாங்குகிறோம். தகுமா?

மாணவ நண்பர்களே! ஆய்வுக்கூடத்தில் ஒரு கணிப்பொறியிலேனும் லினக்ஸ் நிறுவக் கேட்போம். ஆசிரியப் பெருமக்கள் ஆவன செய்வார்களாக!