மூன்று சுழி காணோம்

ஒரு மலாய்க் குறும்படம். அதன் டிவிடிக்குத் தமிழ் சப்டைட்டில் செய்தவன் நான். ஒரு சொல்லுக்காக இரண்டு இரவு தூக்கம் கெட்டது. அம்மாவுக்குப் போட்டுக் காட்டினேன். பத்து நிமிடம் கண்ணை இடுக்கிப் பார்த்துவிட்டு, "மனமா, மணமாடா இது? ஒன்னுமே தெரிய மாட்டேங்குதே" என்றார். வெள்ளை பாஜு மெலாயு போட்ட கூட்டத்தின் மேல் என் வெள்ளை எழுத்து மிதந்துகொண்டிருந்தது.

டிவிடி செய்து கொடுத்தவரிடம் கேட்டேன். "எல்லாருக்கும் டீஃபால்ட்டுலதான் போடுறோம் லா."

இந்த டீஃபால்ட் யாருடையது? டிவிடியில் சப்டைட்டில் எழுத்தாகப் பதிவாவதில்லை, படமாகப் பதிவாகிறது. புள்ளிக்கு 2 பிட். 16 நிறங்கள் கொண்ட தட்டிலிருந்து 4 மட்டும் எடுக்கலாம்: எழுத்தின் உடல், ஓரக்கோடு, விளிம்பை மழுப்பும் இடைநிறம், பின்னணி. ஒவ்வொன்றும் எவ்வளவு ஊடுருவித் தெரிய வேண்டும் என்பதற்கு 16 படிகள். என் டிவிடியில் இடைநிறமும் வெள்ளை. ஆங்கில எழுத்துக்கு அது பெரிய கேடில்லை, கொஞ்சம் தடித்துத் தெரியும், அவ்வளவுதான். ஆனால் நம் பால் முறையில் திரையின் உயரமே 576 வரி. அதன் அடியில் இரண்டு வரித் தமிழைத் திணித்து, இடைநிறத்தையும் வெள்ளையாக்கினால் சுழிகள் அடைந்துபோகும். மூன்று சுழி ண, இரண்டு சுழி ன ஆகிவிடும். நான் எழுதாத பிழை என் பெயரில்.

இடைநிறத்தை உடலுக்கும் ஓரத்துக்கும் நடுவிலான சாம்பலாக வை. ஓரத்தை முழுக் கறுப்பாக்கு, கொஞ்சமும் ஊடுருவாமல். உடலைச் சுத்த வெள்ளையிலிருந்து ஒரு படி இறக்கு, அல்லது வெளிர்மஞ்சளாக்கு. தட்டில் மாற்றினால் படம் முழுக்க மாறும். ஒரு வரியையும் திரும்பத் தட்டச்சு செய்ய வேண்டாம்.

மஞ்சள் போட்டால் 'பழைய பட லுக்' வந்துவிடும் என்றார் இயக்குநர். படிக்க முடியாத சப்டைட்டில் மட்டும் என்ன லுக்காம்? சும்மா விழாவுக்குக் காட்டவா தமிழ்?

அவரை மட்டும் சொல்லி என்ன. மொழிபெயர்ப்பு அரசியல் பற்றிக் கூட்டம் போட்டு, ஒரு வினையெச்சத்துக்காக முகநூலில் ஒரு வாரம் அடித்துக்கொள்கிறோம். அந்தச் சொல் திரையில் தெரிகிறதா என்று போய்ப் பார்த்தவர் நம்மில் எத்தனை பேர்? நானும் பார்க்கவில்லை. கோப்பை அனுப்பினேன், கையைக் கழுவினேன்.

மறுபடி டிவிடி எரித்தபோது பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். நிறம் மாற்ற இருபது நிமிடம்கூட ஆகவில்லை.

அம்மா இந்த முறை முழுப் படத்தையும் பார்த்தார். முடிந்ததும் என் மொழிபெயர்ப்பில் இரண்டு பிழை சொன்னார். இரண்டும் சரி.