சாலைக்கும் நீருக்கும் வழி வேண்டும்

ஆறு சென்ற வழியில் ஊர்கள் எழுந்தன. ஊர்களைத் தேடிச் சாலை வந்தது. மன்னார்குடி - முத்துப்பேட்டை நெடுஞ்சாலை இதற்கு நல்ல சான்று. நாற்பது கிலோமீட்டருக்கும் குறைவான சிறிய சாலைதான். நீடாமங்கலத்தை அடுத்த மூணாறு தலைப்பில் வெண்ணாற்றிலிருந்து பிரியும் பாமணியாறும் கோரையாறும் தெற்கே இறங்கி முத்துப்பேட்டைக் கழிமுகத்தை அடைகின்றன. ஏறக்குறைய அதே திசையில், இராஜகோபாலசாமி கோயில் கொண்ட மன்னையிலிருந்து பெருகவாழ்ந்தான் வழியாகச் சாலையும் இறங்குகிறது. அது முடியுமிடத்தில் ஜாம்புவானோடை தர்காவும் அலையாத்திக் காடும் நம்மை வரவேற்கின்றன.

மாயவரத்திலிருந்து முத்துப்பேட்டைக்கு 1894-இல், தஞ்சை ஜில்லா போர்டின் முயற்சியால் இரயில் வந்தது. எனினும் மன்னைக்கும் முத்துப்பேட்டைக்கும் நேர் இரயில் இன்றுவரை இல்லை. திருவாரூரைச் சுற்றித்தான் வரவேண்டும். தஞ்சை மாவட்டமாய் இருந்த இப்பகுதி 1991-இல் நாகை மாவட்டமாகி, 1997-இல் திருவாரூர் மாவட்டமாயிற்று. பெயர்கள் மாறின, நெல் மூட்டைக்கும், தேங்காய்க்கும், மீன் கூடைக்கும், கல்லூரி மாணவனுக்கும் இச்சாலையே கதி என்ற நிலை மட்டும் மாறவில்லை.

ஆகவே சாலையை அகலப்படுத்துக என்ற குரல் நியாயமானதே. ஆனால் எதை முதலில் செய்வது என்பதே என் கேள்வி. இது கடைமடை நாடு. மேட்டூர் நீர் கடைசியாக வந்து சேர்வதும், மழை வெள்ளம் கடைசியாக வடிவதும் இங்கேதான். பழைய தாரைச் சுரண்டாமல் மேலும் மேலும் தார் போட்டால் சாலை உயரும். ஓரத்து வீட்டு வாசல் பள்ளமாகும். மதகு தூர்ந்தால் சாலையே அணையாகி, சம்பாப் பயிர் நீரில் அழுகும். நனைந்து இளகிய கரையில் புதுத் தாரும் நிலைக்காது. நீருக்கு வழி விடாத சாலை தனக்கே குழி தோண்டிக் கொள்கிறது!

16-11-2018 விடியலில் கஜா புயல் வீசியபோது மரங்கள் சாய்ந்து வழிகள் அடைபட்டன. ஒரு சாலை அடைபட்டால் எத்தனை சிற்றூர்கள் தனித்துப் போகும் என்பதை அன்று அறிந்தோம்.

முதலில் மதகும் வடிகாலும், அடுத்து மட்டம், அதன்பின் அகலம். இவ்வரிசை மாறலாகாது என்பது என் துணிபு. மாணவ நண்பர்களே, நாட்டு நலப்பணித் திட்ட முகாமில் ஒரு நாளை இதற்கென ஒதுக்குவோம். சாலை நெடுக நடந்து, தூர்ந்த மதகுகளை எண்ணிப் பட்டியலிட்டு, வடகிழக்குப் பருவமழைக்கு முன் அதிகாரிகளிடம் அளிப்போம். படித்த படிப்பு பிறந்த மண்ணுக்குப் பயன்பட இதைவிட நல்ல தொடக்கம் வேறில்லை.