ரசீது கேட்பது மரியாதைக் குறைவா?

மெல்பர்னில் படிக்கப் போகிறேன் என்று சொன்ன நாளிலிருந்து வீட்டில் அறிவுரைக்குப் பஞ்சமில்லை. குளிருக்கு என்ன உடுத்துவது, எந்த ஊறுகாய் கெடாது, சோறாக்கும் குக்கருக்கு எந்த அடாப்டர் பொருந்தும் என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். பச்சைக் கறிவேப்பிலையைக் கொண்டுபோகக் கூடாது, உணவுப் பொருள் எதுவானாலும் விமான நிலையத்தில் அறிவிக்க வேண்டும் என்பதுவரை எங்கள் சித்திக்குத் தெரிந்திருந்தது. வாடகை ஒப்பந்தம் பற்றி மட்டும் ஒருவரும் பேசவில்லை.

இதில் வியப்பில்லை. சிங்கப்பூரில் நம் வயதினர் பெரும்பாலோர் பெற்றோருடன்தான் வசிக்கிறோம். திருமணமாகாத ஒருவர் தனியாக வீவக வீடு வாங்க 35 வயதாக வேண்டும். தேசிய சேவையில் முகாமில் தங்கிப் பழகிய அண்ணன்மார்களுக்கும் வாடகை கட்டிப் பழக்கமில்லை. எனவே, வெளிநாட்டில் சாவி வாங்கும் நாளில்தான் நம்மில் பலர் முதன்முதலாக ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திடுகிறோம். பக்கத்தில் பெரியவர்கள் யாரும் இருப்பதில்லை.

ஈப்போவிலிருந்து வந்து இங்கு படிக்கும் என் தோழி, நம்மவர் ஒருவருக்குச் சொந்தமான அடுக்குமாடி வீட்டில் குடியேறினார். நான்கு வார வாடகையை வைப்புத்தொகையாக ரொக்கத்தில் கொடுத்தார். ரசீது கேட்கலாமா என்று அவர் தயங்கிக்கொண்டிருந்தபோதே, “நம்ம பிள்ளைதானேம்மா, நமக்குள்ள எழுத்தெல்லாம் எதுக்கு?” என்று சொல்லிவிட்டார் அந்த அங்கிள். அதற்குமேல் எப்படிக் கேட்பது? பத்து மாதம் கழித்து வீட்டைக் காலி செய்தபோது மெத்தையில் கறை, சுவரில் கீறல் என்று ஒரு கணக்கு வந்தது. கொடுத்த பணத்தில் ஒரு காசுகூடத் திரும்பவில்லை. கறை முன்பே இருந்தது என்கிறார் தோழி. அதற்கு அவரிடம் ஒரு படம்கூட இல்லை.

அந்த அங்கிளைக் கெட்டவர் என்று சொல்லிவிட்டால் கதை எளிதாகிவிடும். ஆனால் இரண்டு தெரு தள்ளியிருக்கும் தம் வீட்டிலிருந்து தீபாவளிக்கு இடியப்பமும் ஆட்டுக்கறியும் கொண்டுவந்து கொடுத்தவரும் அவர்தான். நடுவர் மன்றத்துக்குப் போகலாம் என்று நாங்கள் சொன்னபோது, “அங்கிள் மேல எப்படிலா கேஸ் போடுறது?” என்றார் தோழி. போகவில்லை.

இதைப் பேசத்தான் இந்தக் கட்டுரை. நம் வளர்ப்பில் பெரியவர்களிடம் காகிதம் கேட்பது அவர்களைச் சந்தேகிப்பதற்குச் சமம். உறவுமுறை சொல்லி அழைத்துவிட்டால் கணக்குப் பேசக் கூடாது. இந்தப் பழக்கம் சொந்த ஊரில் ஓரளவு செல்லும். அங்கே அவரையும் தெரியும், அவர் அண்ணனையும் தெரியும், நியாயம் கேட்க நாலு பேர் இருப்பார்கள். தனியாக வந்த இடத்தில் அந்த நாலு பேருக்குப் பதிலாக இருப்பது காகிதம்தான்.

விக்டோரியா மாநிலம் அந்தக் காகிதத்தை நமக்குக் கேட்காமலே தருகிறது. வைப்புத்தொகையை வீட்டுக்காரர் தம் பையில் வைத்துக்கொள்ள முடியாது. அதற்கென்றே உள்ள மாநில ஆணையத்தில் 10 வேலை நாட்களுக்குள் செலுத்த வேண்டும். செலுத்தியதும் நமக்கு ஆணையத்திடமிருந்து ரசீது வரும். வார வாடகை 900 வெள்ளிக்கு மேற்படாத வீடாக இருந்தால் பொதுவாக ஒரு மாத வாடகைக்கு மேல் வைப்புத்தொகை கேட்கக் கூடாது. குடியேறும்போது வீட்டின் நிலையை அறைவாரியாகக் குறித்த அறிக்கை ஒன்றைத் தருவார்கள். அதைச் சரிபார்த்து, விடுபட்டதை எழுதித் திருப்பிக் கொடுக்க நமக்கு 5 வேலை நாள் உண்டு. வரவேற்பறையில் நிலையான வெப்பமூட்டி வேலை செய்ய வேண்டும் என்பதுகூட 2021 மார்ச் 29ஆம் தேதி நடப்புக்கு வந்த விதிகளில் இருக்கிறது. அந்தச் சீர்திருத்தத்தில் ‘லேண்ட்லார்ட்’ என்ற சொல்லையே எடுத்துவிட்டு ‘வாடகை வழங்குநர்’ என்று மாற்றினார்கள். பிரபு போய்விட்டார், நாம்தான் இன்னும் கைகட்டி நிற்கிறோம்.

வாய்மொழி ஒப்பந்தத்துக்கும் சட்டம் பொருந்தும். ஆனால் வாயால் சொன்னதை யார் நிரூபிப்பது?

வாடகையை இங்கே வாரக் கணக்கில் சொல்வார்கள் என்பதையும் நினைவில் வையுங்கள். வாரம் 400 வெள்ளி என்றால் மாதம் 1,600 அல்ல. 52 வாரத்தை 12ஆல் வகுத்தால் ஏறக்குறைய 1,733 வரும்.

என் ஒப்பந்தத்தை நான் ஒழுங்காகப் புரிந்துகொண்டதற்கு அப்பாதான் காரணம். வாடகைப் பணம் அவருடையது என்பதால், தொலைபேசியில் ஒவ்வொரு பிரிவையும் தமிழில் சொல்லச் சொன்னார். ஆங்கிலத்தில் கண் வழுக்கிக்கொண்டு போகும் வரிகள் தமிழில் சொல்ல முற்படும்போது நின்றுவிடுகின்றன. “புழங்குறதால வர்ற தேய்மானத்துக்கு நாம காசு கட்டணுமா, வேணாமா?” என்று கேட்டார். கட்டத் தேவையில்லை. நடந்து நடந்து தேய்ந்த கம்பளத்துக்கும் நாம் கொட்டிய சாம்பார்க் கறைக்கும் வேறுபாடு உண்டு. தவறாகத் தீ எச்சரிக்கை மணி ஒலித்துத் தீயணைப்பு வண்டி வந்தால் அதற்கான கட்டணம் நம் பொறுப்பு என்ற பிரிவு வந்ததும், “அப்போ தாளிக்கவே கூடாதா?” என்று பதறினார். தாளிக்கலாம். புகைபோக்கியைப் போட்டு, பால்கனிக் கதவைத் திறந்துவிட வேண்டும். புகை சூழ்ந்துவிட்டதே என்று வாசற்கதவைத் திறப்பதுதான் வம்பு. பல கட்டடங்களில் நடைவழியில் உள்ள கருவிதான் தீயணைப்புப் படையுடன் இணைக்கப்பட்டிருக்கும். மிளகாய் கருகும் நெடியில் பதினைந்து மாடியும் கீழே இறங்கி நிற்க நேரிடலாம்.

அந்தத் தொலைபேசி அழைப்பு ஒன்றரை மணி நேரம் நீடித்தது. இருமொழிக் கல்வியால் என்ன பயன் என்று யாராவது கேட்டால் இனி இதைச் சொல்வேன்.

நம்மவர் பண்பாடே காகிதத்துக்கு எதிரானது என்றும் நான் நினைக்கவில்லை. டாண்டினோங்கில் நான் அரிசி வாங்கும் கடையின் அம்மா யாழ்ப்பாணத்தவர். வீடு எடுத்துவிட்டேன் என்றதும் அவர் கேட்ட முதல் கேள்வி சாப்பாட்டைப் பற்றியதல்ல. “காசு குடுத்ததுக்குத் துண்டு வாங்கினனீங்களோ பிள்ளை?” என்றார். இடம்பெயர்ந்து வந்தபோது எதை விட்டாலும் காணி உறுதியை விடாமல் பையில் வைத்திருந்ததாகச் சொன்னார். இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் அந்தப் பை கட்டிலுக்கடியில் இருக்கிறதாம். பில் போட்டு முடித்ததும் என் ரசீதையும் மடித்துக் கையில் திணித்தார், இரண்டு கிலோ அரிசிக்கு.

வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களில் இருக்கும் தமிழ் மாணவர் அமைப்புகளிடம் ஒரு வேண்டுகோள். ஆண்டுத் தொடக்கத்தில் புதியவர்களுக்கு வரவேற்பு நிகழ்ச்சி நடத்துகிறீர்கள். பாட்டு, நடனம், பிரியாணி எல்லாம் இருக்கட்டும். அதில் அரை மணி நேரம் ஒதுக்கி, உண்மையான வாடகை ஒப்பந்தம் ஒன்றைத் திரையில் போட்டு, வரி வரியாகத் தமிழில் விளக்குங்கள். அறையில் கேட்கத் தயங்கும் கேள்விகளைச் சீட்டில் எழுதிப் போடச் சொல்லுங்கள். புறப்படவிருக்கும் மாணவர்களுக்காகச் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் நம் அமைப்புகள் இதைச் செய்யலாம். பெற்றோரும் வந்து உட்காரலாம். எங்கள் பல்கலைக்கழகத்தில் பிப்ரவரி இறுதியில் புதியவர்கள் வருவார்கள். என் ஒப்பந்தத்தைப் பெயரையும் முகவரியையும் மறைத்துத் தர நான் தயார். ஈப்போ தோழியும் பேச ஒப்புக்கொண்டிருக்கிறார், அங்கிளின் பெயரைச் சொல்லாமல்.